பசித்தவனுக்கு எது சுதந்திரம்?

கேள்வி: சுதந்திரம் என்றால் பேச்சுரிமை, ஓட்டுரிமை என்றுதான் படித்தோம். சோறும் வேலையும் எப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்தன?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பொருளாதாரச் சரிவும் போரும்தான் சேர்த்தன. 1929-இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. ஓட்டுரிமை உள்ளவர்கள் இலவச சூப்புக்கு வரிசையில் நின்றார்கள். அரசு ஒதுங்கி நிற்பதே சுதந்திரம் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது அப்போதுதான்.

ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த 1941 ஜனவரி 6 அன்று, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்களை அறிவித்தார்: பேச்சு, வழிபாடு, வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. முதல் இரண்டும் அமெரிக்க அரசியல் சாசனத்தில் ஏற்கெனவே இருந்தவை. மூன்றாவதைப் பொருளாதாரச் சரிவு கற்றுத்தந்தது. நான்காவதைப் போர் கற்றுத்தந்தது. 1948-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரையில் நான்கும் இடம்பெற்றன.

அதே போர் அந்த லட்சியத்தை மிதிக்கவும் செய்தது. 1942 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை ரூஸ்வெல்ட் அரசே முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். மக்கள் தம் ஆட்சியைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் அறிவித்த அட்லாண்டிக் சாசனம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்றார் சர்ச்சில். அதே இந்தியாவில், 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர்.

நெருக்கடி சுதந்திரத்தின் பொருளை விரிவாக்கும். ஆனால் அந்தச் சுதந்திரம் எல்லாரையும் சென்றடைய மக்கள்தான் போராட வேண்டும். இனி யார் சுதந்திரம் பற்றிப் பேசினாலும், அதில் ஏழையின் பசிக்கு இடம் உண்டா என்று கேளுங்கள்.