மூலிகையும் கணிப்பொறியும்

ஒரகடத்தில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் அண்ணன் சென்ற ஆண்டு இரத்ததானம் செய்தபோது, அவருக்கு ஹெபடைடிஸ்-பி இருப்பது தெரிய வந்தது. "கீழாநெல்லி வைரஸைக் கொல்லும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாம். டாக்டர் கொடுத்த மாத்திரை எதற்கு?" என்று என்னைக் கேட்டார். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வைரஸ் பெருகுவதற்குச் சில புரதங்கள் தேவை. அப்புரதத்திலுள்ள குழியில் ஒரு மூலக்கூறு பொருந்தி அமர்ந்தால் புரதத்தின் வேலை தடைப்படலாம். பூட்டில் தவறான சாவி சிக்கிக்கொள்வதைப் போன்றது இது. தாவரச் சேர்மங்களுள் எது எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. புரத வடிவம் சரிதானா என்று சோதிக்க இன்றும் உதவுவது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் 1963-இல் வெளியிட்ட வரைபடமே என்பது நமக்குப் பெருமையாகும்.

சென்னை, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தினர் இந்திய மூலிகைச் சேர்மங்களைத் தொகுத்து 2018-இல் 'இம்பாட்' என்னும் தரவுத்தளத்தை வெளியிட்டனர். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய உதவும் இரு மனித நொதிகளைத் தடுப்பவை எவை என்று அறிய, அந்நிறுவன ஆய்வாளர்கள் பிறருடன் சேர்ந்து 2020-இல் 14,011 தாவரச் சேர்மங்களைச் சலித்தனர். ஒரு நொதிக்கு 96, மற்றொன்றுக்கு 9 சேர்மங்களே தேறின.

தேறியவை மருந்துகளா? அல்ல. அவை குடலில் உறிஞ்சப்படாமல் போகலாம். கல்லீரல் அவற்றைச் சிதைத்துவிடலாம். உடலுக்கு நஞ்சாகவும் அமையலாம். ஆகவே சோதனைக்குழாய், விலங்கு, மனிதர் என்று பல படிகளை அவை கடந்தாக வேண்டும்.

மனிதரிடம் சோதித்த பின்னரும் ஐயம் தீராததற்குக் கீழாநெல்லியே சான்று. அதனை உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகச் சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். உலகம் திரும்பிப் பார்த்தது. ஆயினும் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் பலவற்றில் அப்பலன் கிட்டவில்லை.

இவற்றையெல்லாம் அண்ணனிடம் விளக்கினேன். அவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. இறுதியில், "உங்கள் கம்பெனியில் உதிரிபாகத்தைக் கேஜ் வைத்துப் பார்த்தவுடன் வண்டியில் மாட்டி விற்றுவிடுவீர்களா, அண்ணா?" என்று கேட்டேன். "அதெப்படி? ஓட்டிப் பார்க்க வேண்டாமா?" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தார்.

மூலிகையை இகழ்வதும் அறிவன்று. சோதியாமல் புகழ்வதும் அறிவன்று. பொறுமையுடன் சோதிப்பதே அறிவியல் பயிலும் நம் கடமையாகும்.