பத்தியப் பட்டியலில் இல்லாத காய்ச்சல்

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே வீட்டில் ஒரு பத்தியப் பட்டியல் தயாராகிவிடும். மாமியார் சொல்வது கொஞ்சம், பக்கத்து லயத்து அக்கா சொல்வது கொஞ்சம், பஸ்ஸில் அருகே உட்கார்ந்தவர் சொல்வது கொஞ்சம். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று இதுதான். ஆகவே அனுபவசாலிகளுக்குப் பஞ்சமில்லை. முட்டை கூடாது, கோழி கூடாது, கையைத் தூக்கக் கூடாது, பிள்ளையை அணைக்கக் கூடாது. தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கமிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வந்து கீமோ ஏற்றிக்கொண்டு திரும்பும் பெண்ணுக்கு இவற்றில் முக்கால்வாசி வீண் பாரம். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

“காய்ச்சல்தானே, கொத்தமல்லி அவிச்சுக் குடி”

நம் வீடுகளில் கொத்தமல்லியும் பனடோலும்தான் காய்ச்சலுக்கு முதல் வைத்தியம். கீமோ ஏற்றியவருக்கு அந்த வழக்கம் உயிராபத்தாக முடியலாம். வேகமாகப் பெருகும் கலங்களை அடிக்கிற கீமோ மருந்து, புற்றை மட்டும் பார்த்து அடிப்பதில்லை. எலும்பு மச்சையில் உருவாகும் வெண்குருதிக் கலங்களும் சேர்ந்து குறையும். பெரும்பாலும் மருந்து ஏற்றி 7 முதல் 14 நாட்களுக்குள் அவை மிகக் கீழே இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் கிருமி தொற்றினால் சீழோ வீக்கமோ தெரியாமல் போகலாம். சீழ் கட்டுவதற்கே வெண்குருதிக் கலங்கள் வேண்டுமே. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பனடோல் அந்த அடையாளத்தையும் மறைத்துவிடும். சில மணித்தியாலங்களில் கிருமி இரத்தமெங்கும் பரவி நிலைமை கைமீறலாம்.

ஆகவே தேர்மோமீற்றர் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் காட்டினால், அல்லது குளிர்நடுக்கம் கண்டால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நரம்பு வழியாக உடனே ஏற்ற வேண்டியிருக்கும். ராத்திரியில் தோட்டத்திலிருந்து எப்படி வருவது? 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. கண்டி தூரமென்றால் கிட்டிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வெளிநோயாளர் வரிசையில் நம்பர் எடுத்து உட்காராமல், அவசரப் பிரிவில் கிளினிக் கொப்பியை நீட்டி, கீமோ ஏற்றி எத்தனை நாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த நேரம் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போகலாம். “கீமோ தீலா தவஸ் தஹயய், உண தியெனவா” என்றால் கீமோ கொடுத்துப் பத்து நாள், காய்ச்சல் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடமாக இருக்கட்டும்.

“முட்டையும் கோழியும் சூடு, கிரந்தி”

சத்திரசிகிச்சைப் புண் ஆறுவதற்கும், கீமோவில் தேய்ந்த வாய், குடல், இரத்தம் எல்லாம் திரும்பக் கட்டுவதற்கும் புரதம் வேண்டும். அதைத்தான் இந்தப் பத்தியம் முதலில் பறிக்கிறது. நாள் முழுக்க ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயுமாக வாழ்ந்த உடம்பில் பறிக்க என்ன மிச்சம்? நன்றாக வெந்த முட்டை, கோழி, நெத்தலி, பருப்பு, கடலை, சோயா மீட் எல்லாம் ஆகும். கருவாடு வாய்ப்புண்ணில் எரியும். அந்த நாட்களில் மட்டும் விடலாம். கவனிக்க வேண்டியது சூடா குளிர்ச்சியா என்பதை அல்ல, சுத்தத்தை: அரை அவியல் முட்டை வேண்டாம், பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், வல்லாரைச் சம்பலுக்கு இலையைப் பலமுறை அலசுங்கள்.

சீனியை நிறுத்தினால் புற்று பட்டினியில் சாகும் என்பதும் இப்போது வட்ஸ்அப்பில் ஓடுகிறது. உடம்பின் எல்லாக் கலங்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். நீங்கள் சாப்பிடாவிட்டால் ஈரல் தானே செய்துகொள்ளும். சோற்றையும் சேர்த்து நிறுத்தியவர் மெலிவார், புற்று மெலியாது. சர்க்கரை வியாதிக்காகவோ எடைக்காகவோ சீனியைக் குறைப்பது வேறு விஷயம்.

“நெறி எடுத்த கை, அசைக்காதே”

கமக்கட்டு நெறிகளை எடுத்த பிறகு கையில் நீர் கோத்து வீங்குவது உண்மைதான், பயமும் நியாயம்தான். ஆனால் கையைச் சேலைத்தலைப்பில் கட்டித் தொங்கவிட்டால் தோள் இறுகும். பிறகு கூந்தல் வாருவதே பாடு. கதிர்ச் சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுக்கவும் முடியாது. டொக்டரும் பிசியோதெரபியில் இருப்பவர்களும் காட்டித்தரும் பயிற்சியைத் தொடர்ந்து செய்ய வேண்டும். பாரம் தூக்கினால் வீக்கம் கூடும் என்ற பழைய எச்சரிக்கையை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பகுதியினர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் தூக்கிப் பழகினார்கள். 2009இல் வெளிவந்த முடிவின்படி அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவது குறைந்தே இருந்தது.

அதற்காகக் கொழுந்துக் கூடையை அடுத்த வாரமே மாட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. மலைக்குத் திரும்புவதை டொக்டரிடம் கேட்டு, படிப்படியாகச் செய்ய வேண்டும். தேயிலைச் செடி கீறுவது, அட்டைக்கடி, சூட்டுக்கொப்புளம் போன்றவைதான் அந்தக் கைக்கு எதிரி. சிறு காயத்தையும் உடனே கழுவுங்கள். கை சிவந்து சுட்டால் அன்றைக்கே காட்டுங்கள்.

களைப்பாக இருக்கிறதென்று நாள் முழுக்கப் படுத்தால் களைப்பு கூடும். நடை அதைக் குறைக்கும் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. கண்டி வாவியைச் சுற்றி வரவேண்டும் என்றில்லை, லயத்து முற்றம் போதும்.

“கரண்ட் பிடிச்சவ, பிள்ளையை விடாதே”

வெளியிலிருந்து மெஷின் பாய்ச்சும் கதிர், மெஷின் நின்றதும் முடிந்தது. உடம்பில் எதுவும் தங்காது, யாருக்கும் ஒட்டாது. பிள்ளையை மடியில் வைக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். தனித் தட்டு, தனிக் கோப்பை தேவையே இல்லை. அந்தக் கோப்பை நோயைவிட அதிகம் நோகடிக்கும். குளிக்கலாம், போட்ட அடையாளக் கோடுகளைத் தேய்க்காமல் இருந்தால் சரி.

“ஆங்கில மருந்தோடு இதையும் குடி”

முள்சீத்தா இலை, கருஞ்சீரகம் நன்னாரி பறங்கிச்சக்கை சேர்த்த கசாயம். பின்னதைக் களனிப் பல்கலைக்கழகத்தில் எலிகளின் ஈரல் புற்றில் ஆராய்ந்திருக்கிறார்கள். எலியில் கண்டது மார்புப் புற்றுள்ள பெண்ணுக்கு மருந்தாகிவிடாது. கீமோவை உடைத்து வெளியேற்றுவதில் ஈரலுக்குப் பெரிய பங்கு உண்டு, அதன்மேல் எதை ஏற்றுகிறோம் என்பது முக்கியம். ஒளித்துக் குடிக்காமல் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். கறியில் போடும் மஞ்சளுக்கு யாரும் தடை சொல்லவில்லை.

“மாதவிலக்கு நின்றுவிட்டது, இனிப் பயமில்லை”

இதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கீமோவில் மாதவிலக்கு நின்றாலும் கர்ப்பம் தங்கலாம். கீமோ நடக்கும்போதும், பிறகு 5 வருடம் அல்லது 10 வருடம் விழுங்கும் தமொக்சிபென் காலத்திலும் கர்ப்பம் கூடாது. அந்த மாத்திரை கருவுக்குக் கேடு. ஆனால் தடுப்புக்கு ஹோர்மோன் மாத்திரையோ மூன்று மாத ஊசியோ ஆகாது. ஆணுறை அல்லது செப்பு லூப் பற்றிக் கேளுங்கள். மிட்வைஃப் அம்மா ஊசியோடு வந்தால், அதைப் போட முன்னரே மார்புப் புற்றுநோய் வைத்தியம் நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.