பழைய பட்டாளத்துத் துப்பாக்கி: வாங்கத் தகுமா? வைத்திருப்போர் பேணுவது எங்ஙனம்?

குருவிகுளத்தை அடுத்த கிராமம் ஒன்றில் சங்கத்தின் மகாசபைக் கூட்டம் முடிந்து, கணக்குப் புத்தகங்களைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அங்கத்தினர் ஒருவர் தனியே வந்து, தயக்கத்துடன் ஒரு விஷயம் கேட்டார். "ஐயா, மக்காச்சோளத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது. பட்டாளத்தில் கழித்த 'திரீ நாட் திரீ' துப்பாக்கி ஒன்றை உழவு மாடு ஒன்றின் விலைக்கே தருவதாகத் தரகர் ஒருவர் சொல்லுகிறார். என் பாட்டனார் காலத்து லைசென்ஸும் வீட்டில் இருக்கிறது. பயிர்க் கடன் வந்ததும் அதில் கொஞ்சம் எடுத்து வாங்கிக்கொள்ளட்டுமா?" என்றார்.

அவர் நேர்மையானவர், தவணை தவறாதவர். எனினும் அந்த ஒரு கேள்விக்குள் அவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பிழை இரண்டும், சங்கத்தைக் கெடுக்கக்கூடிய பிழை ஒன்றும் இருந்தன. இவ்வாறு நினைப்பவர் அவர் ஒருவரே அல்லர் என்பதால், அவருக்குச் சொன்னதை எல்லா அங்கத்தினர்களுக்கும் பாடமாக எழுதுகிறேன்.

அத்துப்பாக்கி எத்தகையது?

'திரீ நாட் திரீ' என்பது லீ-என்பீல்டு என்னும் ரைபிள். ஸ்காத்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அதன் இயந்திர அமைப்பை வகுத்தார். என்பீல்டு என்பது இங்கிலாந்தில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். .303 என்பது குழலின் உட்குறுக்களவு. அங்குலத்தில் ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு. கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ஈசாப்பூர்த் தொழிற்சாலையிலும் இது ஏராளமாகச் செய்யப்பட்டது.

இதன் பின்புறத்தில் கதவின் தாழ்ப்பாளைப் போன்ற இரும்பு உருளை ஒன்று உண்டு. அதனையே 'போல்ட்' என்கிறார்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ் விழும். உறுப்புகள் சில, பழுதும் குறைவு. ஆகையால்தான் இரண்டு உலக யுத்தங்களிலும் இது உழைத்தது. கனடா தேசத்தின் வடகோடியில் பனிப்பிரதேசக் காவலர்கள் 1947-லிருந்து எழுபது ஆண்டுகள் வரையில் இதையே சுமந்தார்கள். உத்தரப் பிரதேசப் போலீசார் 2020 ஜனவரி 26-ஆம் தேதிக் குடியரசு தின அணிவகுப்போடு இதற்கு விடை கொடுத்தார்கள்.

எனவே பொருள் உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நமக்கு உரியதா என்பதே கேள்வி.

சட்டம் சொல்வது என்ன?

நம் பக்கத்தாருக்கு இந்த விஷயம் புதிதன்று. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி யுத்தம் முடிந்தபின், அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தால் பாளையக்காரர்களும் அவர்களைச் சார்ந்த குடிகளும் ஆயுதம் வைத்திருக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 1878-இல் ஆயுதச் சட்டம் ஒன்று வந்தது. சுதந்தரத்துக்குப் பின் அது நீங்கி, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் அமலுக்கு வந்தது. அதன் கீழ் 2016-இல் புது விதிகள் செய்யப்பட்டன.

இச்சட்டத்தின்படி, பட்டாளத்துத் தோட்டாவான .303 அல்லது 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவைச் சுடக்கூடிய போல்ட் ரைபிள் தடை செய்யப்பட்ட வகையைச் சார்ந்தது. மத்திய அரசாங்கத்தின் விசேஷ அனுமதி இன்றி அதனை ஒருவரும் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. சாதாரண லைசென்ஸ் இதற்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இத்தகைய ஆயுதத்தை வைத்திருந்தாலே ஏழு ஆண்டுக்குக் குறையாமல் பதினான்கு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தரகர் மாட்டின் விலை சொன்னார். இந்த விலையைச் சொல்லவில்லை.

மேல்நாட்டில் இவை கடைகளில் மலிவாக விற்கப்படுவதாகக் கேள்விப்பட்டுச் சிலர் மயங்குகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் பல தேசத்துப் பட்டாளத் துப்பாக்கிகள் தபாலிலேயே விற்கப்பட்டது உண்மைதான். 1963-இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற இத்தாலியப் போல்ட் ரைபிளும் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு இருபது டாலருக்கும் குறைந்த விலையில் தபாலில் வந்ததே. அதன் பின் 1968-இல் அந்நாட்டாரே தபால் விற்பனையைச் சட்டத்தால் தடுத்தார்கள்.

பயிர்க்காவலுக்கு இது ஏற்றதா?

லீ-என்பீல்டின் பழைய குறிக்கருவியில் 2,000 கஜம் வரை அளவு பொறித்திருந்தது. அது ஒரு மைலுக்கும் அதிகம். நம் கரிசல் நிலமோ மேடு பள்ளமின்றி விரிந்தது. பன்றிக்குத் தப்பிய குண்டு, அடுத்த புஞ்சையில் இரவுக் காவல் இருப்பவரையோ, ஊரோரத்தில் படுத்திருக்கும் ஆட்டுக்கிடைக்காரரையோ சென்று தாக்கக்கூடும். யுத்த களத்துக்கென்று செய்த பொருள் புஞ்சைக்குப் பொருந்தாது.

சட்டமும் இதனை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. பயிர்க்காவலுக்கென்று அது முதலில் கூறுவது குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாது என்று லைசென்ஸ் அதிகாரி கருதினால், உட்குழலில் மரையில்லாத, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய துப்பாக்கிக்கு அனுமதி தரலாம்.

மேலும், லைசென்ஸ் துப்பாக்கி இருப்பதனாலேயே பன்றியைச் சுட உரிமை வந்துவிடாது. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு செய்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிப்பதோ சுடுவதோ இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். இவற்றைச் செய்வோரும் வனத்துறையாரே, குடியானவர் அல்லர்.

லைசென்ஸோடு ரைபிள் உடையவர்கள் கவனிக்க

சில வீடுகளில் முறைப்படி லைசென்ஸ் பெற்ற .315 ரைபிள் இருக்கக்கூடும். பட்டாளத்துத் தோட்டா வெளியார் கையில் சேரலாகாது என்று பிரிட்டிஷார் .303-ஐத் தடுத்தபோது, அதே லீ அமைப்பில் வேறு தோட்டாவுக்கென்று செய்யப்பட்டது இது. ஈசாப்பூரிலும் செய்யப்பட்டது. இவ்வகையைப் பழையதாக வாங்குவோர் பார்க்க வேண்டியவை வருமாறு:

1. துப்பாக்கியிலுள்ள எண், விற்பவரின் லைசென்ஸிலுள்ள எண், தேசியப் பதிவேட்டின் அடையாள எண் ஆகியவற்றைச் சரிபார்க்கவும். தனி மனிதர் விற்பதாயின், நாற்பத்தைந்து நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சித் தலைவருக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும்.

2. கையில் எடுத்தவுடன் போல்ட்டைத் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயம் செய்யவும். விற்பவர் சொன்ன சொல் இதற்குப் போதாது.

3. போல்ட்டிலும் உடலிலும் பொறித்த எண்கள் ஒன்றாக இருத்தல் வேண்டும். வேறு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகியிருந்தால், தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே இடைவெளி மிகலாம். வாஷர் தேய்ந்த பம்பில் தண்ணீர் பின்னுக்குப் பீறிடுவதுபோல, பித்தளைக் கூடு பிளந்து கனல் சுடுபவர் முகத்தில் அடிக்கும். அளவுகோல் வைத்திருக்கும் லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரே இதனைச் சோதிக்க வேண்டும்.

4. போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிக் குழலினூடே பார்க்கவும். மரைகள் கூர்மையாகத் தெரிவது நன்று. கரும்புள்ளிகள் துருவின் தழும்பு. வளையம்போல் நிழல் தெரிந்தால் குழல் அவ்விடத்தில் வீங்கியிருக்கிறது. அதனைத் தொடவே வேண்டாம்.

5. கட்டையில் வெடிப்பு உண்டா என்று பார்க்கவும். 'டி. பி.' என்று பொறித்தவை கவாத்துக்கு மட்டும் உரியவை, சுடத் தகாதவை.

பேணும் முறை

பழைய தோட்டாக்கள் பலவற்றின் பற்றவைக்கும் மருந்தில் ஒருவகை உப்பு உண்டு. சுட்டபின் அது குழலுக்குள் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, சில நாட்களில் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது; நீரில்தான் கரையும். ஆதலால், சுட்ட அன்றே போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் கொதிநீர் விட்டு, உலர்ந்த துணியைப் பலமுறை இழுத்து ஈரம் போக்கி, அதன் பின்னரே மெல்லிய இயந்திர எண்ணெய் தடவுதல் வேண்டும். துணி இழுக்கும் கயிறு குழலின் வாயில் உராய்ந்தால் அவ்விடம் தேய்ந்து குறி தவறும், நேராக இழுக்கவும்.

நல்லெண்ணெய் உதவாது, நாளடைவில் பிசுபிசுத்துக் கரிசல் புழுதியைப் பிடித்து வைக்கும். இரும்புக்கு எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் போதும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயைச் சிறிதளவு கையால் தேய்க்கலாம். சுடுமுன் குழலிலுள்ள எண்ணெயை அறவே துடைத்துவிட வேண்டும். தோல் உறைக்குள் வைத்து மாதக் கணக்காக மூடாதீர்கள். தோல் ஈரத்தைத் தாங்கித் துருவேற்றும். துப்பாக்கி ஒரு பூட்டிலும், தோட்டா வேறொரு பூட்டிலும், இரண்டு சாவியும் பிள்ளைகள் கைக்கு எட்டாமலும் இருக்கட்டும்.

பாட்டனார் லைசென்ஸ்

லைசென்ஸ் நிலத்தைப் போலப் பரம்பரைச் சொத்து அன்று. உடையவர் காலமானால், வாரிசுதாரர் தாமதமின்றித் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற்று, வேண்டுமாயின் தம் பெயரில் மனுச் செய்துகொள்ள வேண்டும். உயிரோடிருப்பவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் காலத்தில் உத்தரவு வந்தால் ஒப்படைக்க வேண்டும். அங்கத்தினர் வீட்டிலிருந்த காகிதம் பாட்டனாருக்குச் செல்லும், பேரனுக்குச் செல்லாது.

சங்கத்தின் பணம்

கடைசியாக, பயிர்க் கடனைப் பற்றி. விதைக்கும் உரத்துக்கும் என்று மனுவில் எழுதிக் கொடுத்து வாங்கிய பணத்தில் துப்பாக்கி வாங்கினால், அது ஒருவர் செய்த தவறோடு நில்லாது. விளைச்சல் குறையும், தவணை தவறும், வசூல் குறைந்த சங்கத்தில் அடுத்த பருவத்துக்குக் கடன் கேட்கும் ஏழை அங்கத்தினரே முதலில் கஷ்டப்படுவார்.

அப்படியானால் பன்றிக்கு என்ன செய்வது? அங்கத்தினர் கேட்டதும் இதுவே. சேர்ந்தாற்போலுள்ள புஞ்சைக்காரர்கள் பதின்மர் கூடினால், முறை வைத்து இரவுக் காவல் காக்கலாம். ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஓர் இரவுதான் வரும். தனித்தனியே நான்கு பக்கமும் வேலி கட்டுவதைவிட, பத்துப் புஞ்சையையும் சேர்த்துச் சுற்று வேலி ஒன்று போடுவது செலவு குறைவு. வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுதல் மட்டும் ஒருக்காலும் கூடாது. அது மனித உயிரையும் கொள்ளும். சேதம் நேர்ந்தால் அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறைக்கும் எழுதிக் கொடுத்து, நட்ட ஈட்டுக்கு மனுச் செய்யுங்கள். பத்துப் பேர் கையொப்பமிட்ட மனுவுக்குத் தனி மனுவைவிட மதிப்பு அதிகம்.

அந்த அங்கத்தினர் தரகருக்கு முன்பணம் கொடுத்திருக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "என் புஞ்சையைச் சுற்றி ஏழு பேர் இருக்கிறார்கள், இன்று இரவே பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டார். ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கே நாம் சங்கம் வைத்திருக்கிறோம். பயிர்க்காவலும் அவ்வாறே நடக்கட்டும்.