வணிக அறிவு: பனிச் சாலைக்கு லாரிச் சங்கிலி தேர்ந்தெடுப்பது எப்படி?

காஞ்சிபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்டிக்கொள்ளும் அளவுதான். லாரி டயருக்குச் சங்கிலி கட்டும் பேச்சு நமக்கு எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். தை, மாசியில் நமது ராஜாஜி மார்க்கெட்டில் விற்கும் காஷ்மீர் ஆப்பிள், புல்வாமா மாவட்டம் லஸ்ஸிபோரா போன்ற இடங்களின் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்து வருவது. பெரும்பகுதி லாரியில்தான் வருகிறது. வழியில் ஒரு சங்கிலி அறுந்தால் நஷ்டம் நம் கணக்குப் புத்தகத்தில் ஏறும்.

நமக்கு அது அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடு வரவழைத்தோம். "சங்கிலி இருக்கிறது" என்றார் டிரைவர். நாமும் மேற்கொண்டு கேட்கவில்லை. காசிகுண்ட் அருகே ஏற்றத்தில் சங்கிலி அறுந்து, அதன் முனை பிரேக் குழாயைக் கிழித்துவிட்டது. லாரி மூன்று நாள் நின்றது. பிறகுதான் தெரிந்தது, அது கடையில் கிலோ கணக்கில் வாங்கிய சாதாரணச் சங்கிலி. ஆப்பிள் சுமார் மைனஸ் 2 டிகிரியில் உறையத் தொடங்கும். உறைந்த பழம் உள்ளே பழுப்பேறிவிடும். ஓரத்துப் பெட்டிகள் அப்படியே போயின. லாரி நின்ற நாளுக்கான கூலியும் நம் தலையில் விழுந்தது.

செனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை 2017-லும், பனிஹால்–காசிகுண்ட் சுரங்கப்பாதை 2021-லும் திறந்தபின் உயரமான மலைப்பகுதிகள் தவிர்க்கப்பட்டுள்ளன. ஆனாலும் சுரங்கத்தின் இரு முனைகளிலும் பனி விழுகிறது. கடும்பனி நாட்களில் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டும் விடுவதும், கனரக வண்டிகளை அடியோடு நிறுத்துவதும் உண்டு. 2025-ல் பத்காமிலிருந்து தில்லிக்கு ஆப்பிள் ஏற்றிய பார்சல் ரயில் ஓடியது. ஆனால் கிடங்கிலிருந்து ஸ்டேஷன் வரை லாரிதானே போகவேண்டும்?

கவனிக்க வேண்டியவை:

1. அளவு: டயரின் பக்கவாட்டில் 10.00 ஆர் 20, 295/80 ஆர் 22.5 என்பது போல் எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணுக்கு உரிய சங்கிலியே வாங்கவேண்டும். தளர்ந்த சங்கிலி கழன்று அடிக்கும், சிறியது பூட்டாது.

2. பின்னல்: ஏணிப் படிபோல் குறுக்கே மட்டும் ஓடும் சங்கிலி விலை மலிவு. முன்னும் பின்னும் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் வழுக்கும். வைரக் கட்டம் போல் பின்னிய சங்கிலி வளைவுகளிலும் பிடிக்கும். மலைச் சாலைக்கு இதுவே மேல்.

3. இரும்பு: கடினப்படுத்திய அலாய் எஃகுக் கண்ணிகள் வேண்டும். தேய்ந்து பாதியான கண்ணி உள்ள சங்கிலியை ஒதுக்கிவிட வேண்டும்.

4. எந்தச் சக்கரம்: எஞ்சின் சக்தி போகும் அச்சில்தான் முதலில் கட்டவேண்டும். பத்துச் சக்கர லாரிகள் பலவற்றில் பின்னால் உள்ள இரண்டு அச்சுகளில் ஒன்றுக்குத்தான் சக்தி உண்டு; மற்றது சுமை தாங்க மட்டுமே. இரட்டை டயருக்கென்றே சேர்த்துச் செய்த சங்கிலியும் கிடைக்கிறது. இடம் வலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கட்டவேண்டும்.

5. இடைவெளி: சங்கிலிக்கும் மட்கார்டு, பிரேக் குழாய் இவற்றுக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவேண்டும்.

6. ஓட்டம்: ஏற்றம் தொடங்குமுன் சமதளத்தில் கட்டி, சற்றுத் தூரம் ஓட்டி, நிறுத்தி மறுபடி இறுக்கவேண்டும். மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பனியில்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சங்கிலியும் டயரும் சேர்ந்தே கெடும். கட்டிப் பழகாத டிரைவர் ஷெட்டிலேயே ஒருமுறை கட்டிப் பார்ப்பது நல்லது.

லாரி பேசும்போதே சங்கிலி உண்டா, எந்த அளவு, உதிரிக் கண்ணிகள் உண்டா, வண்டி நின்றால் அந்த நாள் கூலி யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சரக்கு கெட்டு வந்தால் ரசீதிலேயே குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குத் தொடருமுன், சரக்கு புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நஷ்டம் பற்றி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அன்று நாம் வாய்ப்பேச்சை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டோம்.

குளிர்காலத்தில் வேன் பிடித்து வைஷ்ணோதேவி, ஸ்ரீநகர் போகும் உறுப்பினர்களும் மேற்சொன்னவற்றைக் கவனிக்கலாம். அங்கே பணயம் பழப்பெட்டி அல்ல, குடும்பம்.