கனியும் காலக்கணக்கும்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தார், கவாத்துச் செய்த நாளினின்று ஏறத்தாழ 4 திங்களில் குலை முதிருமெனக் கணித்தறிவர். வெளிப்படுத்தின விசேஷம் 14ஆம் அதிகாரமும் கடைசி நியாயத்தீர்ப்பைத் திராட்சை அறுப்பாகவே காட்டுகின்றது. ஆயின், அவ்வறுப்பின் நாளும் கணித்தற்குரியதோ?

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால், திருவிதாங்கூரில், இவ்வினா முன்னர்ப் பலரைக் கலக்கியது. தமிழ்ப் பிராமணக் குடியிற் பிறந்து கிறிஸ்தவராகிய யுஸ்தூஸ் யோசேப்பு என்பார், கர்த்தர் 1881ஆம் ஆண்டில் வருவார் எனப் பிரசங்கித்தார். அவ்வாண்டு வந்தது, கழிந்தது, கர்த்தர் வந்திலர். அவரைச் சார்ந்தோர் யூயோமயம் என்னும் தனிச் சபையாயினர்.

அவருடைய பிழை யாது? கர்த்தரை எதிர்நோக்கியதன்று, நாள் குறித்ததே. அந்நாளையும் நாழிகையையும் பிதாவன்றிக் குமாரனும் அறியாரென மாற்கு 13ஆம் அதிகாரம் உரைக்கின்றது. குமாரனே அறியாததை அடியார் கணித்தல் எங்ஙனம்? எனினும் அவரை இகழ்தல் நமக்குத் தகாது. அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனங்கள் இன்றும் கேரளத் திருச்சபைகளில் ஒலிக்கின்றன. கணக்கு உதிர்ந்தது, கனி நின்றது.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின்படி, நியாயாதிபதி நம்மிடம் ஆண்டுக்கணக்கை வினவார். பசித்தோர்க்கு உணவிட்டோமா, நோயுற்றோரைக் கண்டோமா என்றே வினவுவார். அவ்வினாவுக்கு விடை இன்றே வேண்டுமாதலின், நாள் குறிப்போரினும் நமக்கே அச்சம் மிகவேண்டும். அறுப்பு நாளைத் தோட்டக்காரரிடம் விடுத்து, நாம் கனி தருவோமாக.