ஆமையும் இறாலும்: ஒரு வாணிக வழக்கு

வாணிகம் என்பது கொடுக்கல் வாங்கல். அதில் கடலாமைக்கு என்ன வேலை? நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டேன். கடற்கரை ஊரில் பிறந்தவன் நான். என் சிற்றப்பா இழுவைமடிப் படகில் தொழிலுக்குப் போனவர். ஆகவே இவ்வழக்கு வகுப்பில் பாடமாக வந்த அன்று, "நம் இறாலை வாங்காமலிருக்க அமெரிக்கர் ஆமையைச் சாக்குச் சொல்கிறார்கள்" என்று விடுதியில் உரக்க வாதாடினேன். தீர்ப்பைப் படித்த பின் என் எண்ணம் மாறிற்று. மாறிய விதத்தை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் விதியைக் காண்போம். 1947-இல் 'காட்' எனும் வாணிக உடன்பாடு பிறந்தது. இந்தியாவும் அதன் தொடக்க உறுப்பினருள் ஒன்று. நாட்டுக்கு நாடு வேற்றுமை காட்டலாகாது, இறக்குமதியைத் தடுக்கலாகாது என்பன அதன் அடிப்படை. எனினும் அதன் 20-ஆம் விதி சில விலக்குகளை அளிக்கிறது. உயிர்களைக் காக்கவும், தீர்ந்துபோகக் கூடிய இயற்கை வளத்தைக் காக்கவும் ஒரு நாடு தடை விதிக்கலாம். ஆனால் அவ்விலக்கு நேர்மையற்ற வேற்றுமைக்கோ, மறைமுக வாணிகத் தடைக்கோ கருவியாகக் கூடாது என்று அவ்விதியின் முகப்பே எச்சரிக்கிறது. 1995-இல் உலக வாணிக அமைப்பு தோன்றியபோதும் இவ்விதி அப்படியே தொடர்ந்தது.

இனி வழக்கு. ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவைமடியில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். இதற்கு மாற்றாக மடிக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்துவர். இறால் கம்பிகளின் இடையே புகுந்து மடியின் அடிக்குச் செல்லும். ஆமை சட்டத்தில் முட்டி, திறப்பின் வழியே வெளியேறும். இதுவே ஆமை விலக்கி. இதற்கு ஈடான பாதுகாப்பில்லாத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்று 1989-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. முதலில் கரீபியன் பகுதி நாடுகளுக்கு மட்டுமே அது பொருந்திற்று. பின்னர் 1996 மே முதல் உலகம் முழுவதற்கும் விரிந்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் வழக்குத் தொடுத்தன.

1998 அக்டோபரில் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. நாம் வென்றோம்; ஆனால் நான் எண்ணிய காரணத்தால் அன்று. ஆமையும் தீர்ந்துபோகக் கூடிய வளமே, அதைக் காக்கும் நோக்கம் தகுதியானதே என்று மன்றம் ஒப்புக்கொண்டது. பிழை நடத்திய முறையில் இருந்தது. கரீபியன் நாடுகளுக்கு மூன்றாண்டு தவணை. ஆசிய நாடுகளுக்கோ நான்கே மாதம். அமெரிக்கக் கண்டத்து நாடுகளுடன் பேசி ஓர் உடன்படிக்கை கண்டவர்கள், நம்முடன் அவ்வாறு முயலவில்லை. ஆமை விலக்கி பொருத்திப் பிடித்த இறாலாயினும், சான்று பெறாத நாட்டினது என்றால் அதற்கும் தடை. இதுவே வேற்றுமை எனப்பட்டது. அமெரிக்கா சட்டத்தை நீக்கவில்லை, நடைமுறையைத் திருத்திற்று. மலேசியா மீண்டும் வழக்காடியது. 2001-இல் திருத்திய முறை செல்லும் என்று முடிவாயிற்று.

கதை இத்துடன் முடியவில்லை. 2019-இல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா தடை விதித்தது. காரணம் அதே ஆமை விலக்கி. பண்ணை இறாலுக்குத் தடையில்லை. ஏற்றுமதியில் பெரும்பங்கு பண்ணை இறாலே ஆதலால் நாட்டுக் கணக்கில் இழப்புச் சிறிது. ஆனால் அடி விழுந்தது என் சிற்றப்பாவைப் போன்றவர் மேல்! வழக்கில் வென்ற நாம் மடியைத் திருத்துவதில் பின்தங்கிவிட்டோம்.

இரும்பு, அலுமினியம், சிமெண்டு முதலியவற்றின் கரிப்புகைக்கு விலை கேட்கும் ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தொடங்கியது. இத்தகைய ஏற்பாடு எதுவாயினும் நாம் இரு கேள்விகள் கேட்க வேண்டும். நோக்கம் மெய்யானதா? எல்லா நாட்டுக்கும் போதிய தவணையும் பேச்சும் உதவியும் ஒருசேரக் கிடைக்கின்றனவா? முதற் கேள்வியை மறந்தால் நாம் பிடிவாதக்காரர்; இரண்டாவதை மறந்தால் ஏமாளிகள்.

ஒடிசாவின் கஹிர்மாதாக் கரையில் கூட்டங்கூட்டமாய் முட்டையிடும் ஆமையினமே நம் கரைக்கும் வருவது. நம் மீனவர் அதற்கு இட்ட பெயர் பங்குனி ஆமை. வருகின்ற மாதத்தைக் கொண்டு பெயர் சூட்டி உறவு கொண்டாடியவர்கள் நாம். அதைக் காக்கப் பிறர் சட்டம் நமக்கு எதற்கு?