எந்த ஊர் வெயில் பிடிக்கும்?

கேள்வி: சென்னை, பெங்களூரு, கோவை, மதுரை... எந்த நகரத்தின் தட்பவெப்பம் உங்களுக்குப் பிடிக்கும்?
- ஒரு வாசகர், கப்பலூர்

பதில்: பெங்களூரு என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம், குளிர்ச்சிக்குக் குறைவில்லை. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனால் என் ஓட்டு மதுரைக்குத்தான்.

சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடும், உண்மை. சென்னையில் வெயில் இரண்டு டிகிரி குறைவாக இருக்கும் நாளிலும் உடம்பு தவித்துப்போகும். கடலோர ஈரப்பதத்தில் வியர்வை சீக்கிரம் உலராது. உலர்ந்தால்தானே உடல் குளிரும்? மதுரை வெயில் வறண்டது. மொட்டைமாடியில் போட்ட வேட்டி, இறங்கி வந்து காபி குடித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். வேப்பமர நிழலில் ஒதுங்கினால் போதும், மூச்சு வரும். ஆடியில் மேற்கிலிருந்து காற்று, ஐப்பசியில் அடைமழை. இந்த மாற்றங்கள் எனக்கு வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருக்கும் ஊர் எனக்கு ஒட்டாது.

உங்கள் ஊர் சிட்கோ தொழிற்பேட்டையில், தகரக் கூரையின் கீழ் நிற்பவர்களுக்கு மட்டும் இந்தப் பெருமை பொருந்தாது. நிறுவன உரிமையாளர்களே, கோடையில் கடின வேலைகளை அதிகாலைக்கு மாற்றுங்கள். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள்.